காசில்லாமல் அசெம்ப்ளி: எதில் தொடங்குவது, எதைத் தள்ளிப்போடுவது

ப்ராசசரின் கட்டளைகளை ஒவ்வொன்றாக நேரடியாக எழுதும் மொழியான அசெம்ப்ளியைக் கற்றுக்கொள்ளலாம் என்று உட்காருகிறவர்கள் முதல் வாரத்தில் செய்வது பெரும்பாலும் லிங்க் சேர்ப்பதுதான். நாற்பது டேப் திறந்திருக்கும், பத்து பிடிஎஃப் இறங்கியிருக்கும், சொந்தமாக எழுதிய ஒரு வரி கூட ஓடியிருக்காது. நானும் அதே ரகம்தான். இலவசப் பாடங்களுக்குப் பஞ்சமே இல்லை, கொட்டிக் கிடக்கின்றன. ஆனால் அந்தக் குவியலில் பாதி மற்ற பாதியோடு ஒட்டாது. ஒன்று 32 பிட்டுக்கு எழுதியது, இன்னொன்று 64 பிட்டுக்கு, ஒன்று விண்டோஸில் ஓடும், ஒன்று லினக்ஸில் மட்டும் ஓடும், வேறொன்று ஏஆர்எம் சிப்புக்கானது. தலைப்பில் எல்லாவற்றுக்கும் 'அசெம்ப்ளி' என்ற ஒரே பெயர்.

நான் மாட்டிக்கொண்ட இடத்தைச் சொல்கிறேன். பழைய பாடம் ஒன்றில், நிரலை முடிக்க இஏஎக்ஸ் என்ற ரெஜிஸ்டரில் (ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் சின்னச் சேமிப்பிடம்) 1 என்ற எண்ணைப் போட்டுவிட்டு, இயக்கமுறைமையின் மையமான கெர்னலை அழைக்க வேண்டும் என்று இருந்தது. இன்னொரு பாடத்தில், கெர்னலை அழைக்க 'சிஸ்கால்' என்ற கட்டளை போதும் என்று இருந்தது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் சரி. நான் அங்கே பாதி இங்கே பாதி எடுத்து ஒட்டினேன், ஓட்டினால் 'செக்மென்டேஷன் ஃபால்ட்', அதாவது அனுமதியில்லாத மெமரியைத் தொட்டதால் நிரல் பாதியில் விழுந்தது. மூன்று மாலை அதிலேயே போயிற்று. விஷயம் என்னவென்றால் 32 பிட் லினக்ஸில் 1 என்றால் 'எக்ஸிட்', 64 பிட் லினக்ஸில் அதே 1 என்றால் 'ரைட்'. 64 பிட்டில் எக்ஸிட்டுக்கு எண் 60. ஆக என் நிரல் முடியவே இல்லை; எதையோ எழுதப் பார்த்துவிட்டு, அடுத்த கட்டளை எங்கே என்று தேடியபடி நான் எழுதாத இடத்துக்குள் நடந்துபோய் விழுந்திருக்கிறது. தலைகீழாகச் செய்தாலும் வேடிக்கைதான்: 60 என்ற எண்ணை 32 பிட் வழியில் அனுப்பினால் அது 'யுமாஸ்க்', அதாவது புதுக் கோப்புகளின் அனுமதியை மாற்றுகிற ஒரு சமாச்சாரம், அதற்கும் நிரலை முடிப்பதற்கும் சம்பந்தமே இல்லை.

அதனால் எந்தத் தளம் நல்லது என்று கேட்பதற்கு முன்னால் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்.

எந்த ப்ராசசர்

கையில் இருப்பது இன்டெல் அல்லது ஏஎம்டி சிப் உள்ள கணினி என்றால் 64 பிட் எக்ஸ்86 (அந்தச் சிப்புகளின் கட்டளைத் தொகுதி), லினக்ஸ், நாஸ்ம் அசெம்ப்ளர் (நீங்கள் எழுதியதை இயந்திர எண்களாக மாற்றும் மென்பொருள்), இந்த மூன்றையும் எடுத்துக்கொண்டு முதல் சில மாதங்களுக்கு வேறு பக்கம் திரும்பாதீர்கள். விண்டோஸ் வைத்திருப்பவர்கள் அதற்குள்ளேயே டபிள்யூஎஸ்எல் நிறுவி லினக்ஸை ஓட்டிக்கொள்ளலாம், தனிக் கணினி வேண்டாம், பழைய மெதுவான இயந்திரமே தாராளம். ஆப்பிளின் எம் வரிசைச் சிப் உள்ள மேக் என்றால் உள்ளே இருப்பது ஏஆர்எம். எக்ஸ்86 பாடத்தில் உள்ளதை அதில் அப்படியே தட்டினால் ஓடாது. அவர்களுக்கு பிரவுசரிலேயே எல்லாம் நடக்கிற பயிற்சித் தளங்கள் இருக்கின்றன, வருகிறேன்.

எக்ஸ்86 அழகான வடிவமைப்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பல பத்தாண்டுகளாக மாடிக்கு மேல் மாடி கட்டிய வீடு அது. சுத்தமாக ஒன்று வேண்டும் என்றால் ரிஸ்க்-வி என்ற கட்டளைத் தொகுதியைப் பாருங்கள்: 2010-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கியது, அடிப்படைத் தொகுதியில் ஐம்பதுக்கும் குறைவான கட்டளைகள், கையேடு இலவசம், ரெஜிஸ்டர்கள் 32, அவற்றில் முதலாவது எப்போதும் பூஜ்யமாகவே இருக்கும். பெர்க்லியின் சிஎஸ்61சி வகுப்பு இதை வைத்துத்தான் நடக்கிறது, அதன் பாடக் குறிப்புகள் இணையத்தில் திறந்தே கிடக்கின்றன. 'வீனஸ்' என்ற சிமுலேட்டர் பிரவுசரிலேயே ஓடும். ஒவ்வொரு கட்டளையாக முன்னால் நகர்த்தலாம், ஒரு படி பின்னாலும் வரலாம், அந்தப் பின்னால் வரும் வசதி புதியவர்களுக்குப் பெரிய வரம். படிப்புக்கு மட்டும் என்றால் ரிஸ்க்-வி, உங்கள் கணினிக்குள் நடப்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றால் எக்ஸ்86. நான் இரண்டாவதை எடுத்தேன், மிச்சத்தை அதை வைத்தே சொல்கிறேன்.

(பழைய கேமிங் கருவிகள் மேல் ஆசை உள்ளவர்கள் 'ஈஸி 6502' என்ற பிரவுசர் பாடத்தை ஒரு சனிக்கிழமை மதியத்தில் முடித்துவிடலாம். 1975-இல் வந்த 6502 சிப்பில் மூன்றே மூன்று முக்கிய ரெஜிஸ்டர்கள். கடைசியில் ஒரு பாம்பு விளையாட்டின் அசெம்ப்ளியை வரிவரியாகப் பிரித்துக் காட்டுகிறார்கள். வேலைக்கு உதவாது, பயத்தைப் போக்கும்.)

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். எக்ஸ்86 அசெம்ப்ளியை எழுதுவதில் இரண்டு பாணி உண்டு. இன்டெல் பாணியில் எங்கே போய்ச் சேர வேண்டுமோ அது முதலில் வரும், எங்கிருந்து என்பது அடுத்து. ஏடி அண்ட் டி பாணியில் நேர் எதிர், கூடவே சதவீதக் குறியும் டாலர் குறியுமாக வரி முழுவதும் தூவியிருக்கும். இது தெரியாமல் இரண்டு பாடங்களை மாற்றி மாற்றிப் படித்தால் 'மூவ்' கட்டளை எந்தப் பக்கம் நகர்த்துகிறது என்பதே குழம்பிவிடும். நாஸ்ம் இன்டெல் பாணி. நிரலைப் படிப்படியாக நிறுத்திப் பார்க்க உதவும் ஜிடிபி டீபக்கரிடம் நாம் எதுவும் சொல்லாவிட்டால் அது ஏடி அண்ட் டி பாணியில் காட்டும். 'செட் டிஸ்அசெம்ப்ளி-ஃப்ளேவர் இன்டெல்' என்று அதன் அமைப்புக் கோப்பில் ஒரு முறை எழுதிவைத்தால் தீர்ந்தது.

முதல் நாள்: மூன்று வரி

திரையில் வணக்கம் சொல்லும் நிரலில் தொடங்காதீர்கள். அதற்குச் சரத்தின் முகவரி, நீளம், எங்கே எழுதுவது என்று நாலு விஷயம் ஒரே நேரத்தில் தெரிய வேண்டும். இதைச் செய்யுங்கள்: ஆர்ஏஎக்ஸ் ரெஜிஸ்டரில் (இஏஎக்ஸின் 64 பிட் வடிவம்) 60 போடுங்கள், ஆர்டிஐ ரெஜிஸ்டரில் 42 போடுங்கள், 'சிஸ்கால்'. அவ்வளவுதான் நிரல். நாஸ்மிடம் 'எல்ஃப்64' என்ற 64 பிட் லினக்ஸ் கோப்பு வடிவம் கேட்டு அசெம்பிள் செய்து, 'எல்டி' லிங்கரால் ஓடக்கூடிய கோப்பாக இணைத்து ஓட்டினால் திரையில் ஒன்றுமே வராது. அப்புறம் டெர்மினலில் 'எக்கோ' என்று தட்டி பக்கத்தில் $? போட்டுப் பாருங்கள். 42 வரும். நீங்கள் ஒரு ரெஜிஸ்டரில் வைத்த எண், கெர்னல் வழியாக, டெர்மினலில் நீங்கள் தட்டுவதை வாங்கி ஓட்டும் ஷெல்லுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

இப்போது 42-ஐ எடுத்துவிட்டு 300 போடுங்கள். 44 வரும். ஏன் என்று பத்து நிமிடம் யோசியுங்கள், தேடாதீர்கள். (வெளியே போகும் எண்ணில் கடைசி 8 பிட் மட்டும்தான் ஷெல்லுக்குக் கிடைக்கும், 300-இல் 256 போக 44.) அப்புறம் மைனஸ் 1 போடுங்கள், 255 வரும். எதிர்ம எண்களை இயந்திரம் எப்படி வைத்திருக்கிறது என்ற பாடத்தின் வாசலில் நின்றுவிட்டீர்கள், அதுவும் மூன்று வரியில்.

இரண்டாம் நாளே ஜிடிபியைத் திறங்கள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று டீபக்கரைத் தள்ளிப்போடுவதுதான் நான் பார்த்த மிகப் பெரிய தப்பு. மற்ற மொழிகளில் பிரிண்ட் போட்டுச் சமாளிக்கலாம், அசெம்ப்ளியில் ஒரு எண்ணைப் பிரிண்ட் செய்வதே ஒரு நாள் வேலை. தெரிய வேண்டியது நாலைந்து கட்டளைதான்: முதல் கட்டளையிலேயே நிற்க 'ஸ்டார்ட்ஐ', ரெஜிஸ்டர்களைத் திரையின் மேல்பாதியில் காட்ட 'லேஅவுட் ரெக்ஸ்', ஒவ்வொரு கட்டளையாக நகர 'எஸ்ஐ', மெமரியைப் பார்க்க 'எக்ஸ்', ஓரிடத்தில் நிறுத்த 'பிரேக்'. ஒரு படி நகரும்போது எந்த ரெஜிஸ்டர் மாறியதோ அது தனியாகத் தெரியும். அதையே பார்த்துக்கொண்டு உட்காருங்கள், அரை மணி நேரத்தில் புத்தகத்தின் இரண்டு அத்தியாயம் தானாகப் புரியும்.

ஒரு பாடம், ஒன்றே ஒன்று

இனி ஒழுங்கான பாடம் வேண்டும். நான் பார்த்ததில் மூன்று தேறும், மூன்றும் இலவசம். மூன்றையும் எடுக்காதீர்கள்.

வாசித்துப் படிக்கிறவர் என்றால் எட் யோர்கென்சன் எழுதிய உபுண்டுவில் எக்ஸ்86-64 அசெம்ப்ளி பற்றிய புத்தகம். பல்கலைக்கழகப் பாடநூல், பிடிஎஃப் இலவசம், 64 பிட் லினக்ஸுக்கென்றே எழுதியது, அத்தியாய முடிவில் கேள்விகளும் பயிற்சிகளும் உண்டு. அவர் யாஸ்ம் அசெம்ப்ளரைப் பயன்படுத்துகிறார், நாஸ்மோடு பெரிய வித்தியாசம் இல்லை, பயப்பட வேண்டாம்.

செய்து பார்த்துத்தான் மண்டையில் ஏறும் என்கிறவருக்கு 'பவுன் டாட் காலேஜ்'. அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பிறந்த தளம். 'கம்ப்யூட்டிங் 101' பகுதியில் அசெம்ப்ளிப் பயிற்சிகள் வரிசையாக இருக்கின்றன. லினக்ஸ் சூழல் பிரவுசருக்குள்ளேயே திறக்கும், நீங்கள் எழுதிய கட்டளைகளைத் தளமே ஓட்டிப் பார்த்துச் சரியா தப்பா என்று சொல்லிவிடும். மேக் வைத்திருப்பவர்களுக்கு நான் சொன்ன வழி இதுதான். ஒரு குறை உண்டு, விடை வந்த சந்தோஷத்தில் அடுத்த பயிற்சிக்கு ஓடத் தோன்றும், ஏன் வந்தது என்று நிற்கத் தோன்றாது.

மூன்றாவது ஓப்பன் செக்யூரிட்டி டிரெய்னிங் 2 தளத்தின் 'ஆர்க்கிடெக்சர் 1001'. வீடியோ வகுப்பு. இது அசெம்ப்ளியை எழுதுவதைவிட வாசிக்கச் சொல்லிக்கொடுக்கிறது: சின்னச் சின்ன 'சி' மொழி நிரல்களைக் கம்பைல் செய்து (அதாவது இயந்திரக் கட்டளைகளாக மாற்றி), அதிலிருந்து என்ன அசெம்ப்ளி வருகிறது என்று காட்டிக்கொண்டே போகிறார்கள். பாதுகாப்புத் துறைப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு இதுவே சரி. பெரும்பகுதி விண்டோஸில் நடக்கும், அங்கே ஒரு ஃபங்ஷனுக்கு முதல் மதிப்பு போவது ஆர்சிஎக்ஸ் வழியாக, லினக்ஸில் ஆர்டிஐ வழியாக. இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

ஜொனாதன் பார்ட்லெட்டின் 'புரோகிராமிங் ஃப்ரம் தி கிரவுண்ட் அப்' பல பட்டியல்களில் முதலிடத்தில் இருக்கும். எழுத்து அருமை. ஆனால் 32 பிட், ஏடி அண்ட் டி பாணி. என் மூன்று மாலைக் கதை ஞாபகம் இருக்கட்டும். பின்னால் ஆற அமர வாசிக்கலாம்.

இன்டெல்லின் அதிகாரபூர்வக் கையேடு இலவசமாகக் கிடைக்கிறது, ஏறத்தாழ 5000 பக்கம். அது அகராதி, படிக்கிற புத்தகம் இல்லை. சந்தேகம் வந்த கட்டளையின் பக்கத்தை மட்டும் புரட்டுங்கள்.

கம்பைலரிடம் கேளுங்கள்

மேட் காட்போல்ட் 2012-இல் தொடங்கிய 'கம்பைலர் எக்ஸ்ப்ளோரர்' இல்லாமல் இன்று அசெம்ப்ளி கற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இடப்பக்கம் சி எழுதினால் வலப்பக்கம் அசெம்ப்ளி. இங்கே எந்த வரியோ அங்கே அதே நிறம். எதுவும் நிறுவ வேண்டாம்.

ஒரு எண்ணை 5-ஆல் பெருக்கித் திருப்பித் தரும் ஃபங்ஷனை எழுதி, ஆப்டிமைசேஷனை (கம்பைலர் நிரலை எவ்வளவு வேகமாக்கப் பார்க்க வேண்டும் என்ற அமைப்பு) ஓ2 என்று வைத்துப் பாருங்கள். பெருக்கல் கட்டளையே இருக்காது. 'லியா' என்று ஒன்று நிற்கும், முகவரி கணக்கிட என்று வைத்த கட்டளை அது. எண்ணையும் அதன் நாலு மடங்கையும் கூட்டி ஒரே அடியில் ஐந்து மடங்கை எடுத்துவிடுகிறது. 10-ஆல் வகுக்கச் சொல்லுங்கள், வகுத்தல் கட்டளைக்குப் பதில் ஏதோ ஒரு ராட்சத எண்ணால் பெருக்கிப் பிட்டுகளை நகர்த்தும். 1 முதல் ஏதோ ஓர் எண் n வரை கூட்டும் லூப் எழுதி க்ளாங் கம்பைலரைத் தேர்ந்தெடுத்தால் லூப்பே காணாமல் போய், பள்ளியில் படித்த சூத்திரம் வந்து உட்கார்ந்திருக்கும். முதல் தடவை இதைப் பார்த்தபோது நான் கம்பைலரைக் கொஞ்சம் மரியாதையோடு பார்க்க ஆரம்பித்தேன்.

ஒரு ரெஜிஸ்டரைப் பூஜ்யமாக்க கம்பைலர் ஏன் பூஜ்யத்தை நகர்த்தாமல் ரெஜிஸ்டரை அதனுடனேயே 'எக்ஸ்ஆர்' (இரண்டு மதிப்பிலும் வேறுபடும் பிட்டுகளை மட்டும் 1 ஆக்கும் கட்டளை) செய்கிறது என்ற கேள்வியும் வரும். இஏஎக்ஸுக்கு எக்ஸ்ஆர் என்றால் 2 பைட், மூவ் என்றால் 5 பைட். 64 பிட் ரெஜிஸ்டருக்குமா என்றால், ஆமாம், இஏஎக்ஸில் எழுதினாலே ஆர்ஏஎக்ஸின் மேல்பாதி தானாகப் பூஜ்யமாகிவிடும். ஆனால் ஏஎல்லில், அதாவது அதே ரெஜிஸ்டரின் கடைசி பைட்டில் எழுதினால் மற்றது அப்படியே இருக்கும். இந்த வித்தியாசத்தால் வரும் பிழைகள் தனி ரகம்: சில நேரம் சரியாக ஓடும், சில நேரம் ஓடாது.

அடுத்து எல்லோரும் தடுக்கி விழும் பள்ளம் ஒன்று. அசெம்ப்ளியிலிருந்து சியின் 'பிரிண்ட்எஃப்'ஐ அழைக்கும்போது எல்லாம் சரியாக இருந்தும் நிரல் விழுந்தால், ஸ்டாக்கைப் (திரும்பும் முகவரிகளையும் தற்காலிக மதிப்புகளையும் அடுக்கிவைக்கும் மெமரிப் பகுதி) பாருங்கள். லினக்ஸில் ஃபங்ஷனை அழைக்கும் 'கால்' கட்டளைக்கு முன்பு ஸ்டாக் பாயிண்டர் (ஸ்டாக்கின் உச்சியின் முகவரி) 16-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும் என்பது விதி. உங்கள் ஃபங்ஷனுக்குள் நுழையும்போதே திரும்பும் முகவரி 8 பைட்டைப் பிடித்திருக்கும், அதனால் இன்னொரு 8-ஐக் கழித்துவிட்டுத்தான் அழைக்க வேண்டும். கழிக்காமலும் பல நாள் ஓடும், ஒரு நாள் விழும். ஜிடிபியில் விழுந்த இடம் 'மூவ்ஏபிஎஸ்' என்று காட்டினால் இதுதான் காரணம் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம்.

வெடிகுண்டு

இவ்வளவும் ஓரளவு கைவந்த பிறகு கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் 'பாம் லேப்'. பிரையன்ட், ஓ'ஹாலரன் இருவரின் புத்தகத்தோடு வரும் பயிற்சி. புத்தகம் விலைக்கு, ஆனால் தனியாகப் படிப்பவர்களுக்கான பயிற்சிக் கோப்பு அதன் தளத்தில் இலவசம். உங்களுக்குக் கிடைப்பது கம்பைல் செய்த ஒரு நிரல். ஆறு கட்டம், ஒவ்வொன்றும் ஒரு வரி உள்ளீடு கேட்கும், தப்பாகக் கொடுத்தால் 'பூம்'. விடையை அசெம்ப்ளியிலிருந்துதான் தோண்டி எடுக்க வேண்டும். வெடிக்கிற ஃபங்ஷனில் முதலில் ஒரு பிரேக்பாயிண்ட் போட்டுவிட்டு ஆரம்பியுங்கள், அது தற்காப்பு. முதல் கட்டம் வெறும் சரம் ஒப்பிடுவது, பத்து நிமிடத்தில் முடியும். இரண்டாவதில் லூப், அப்புறம் ஸ்விட்ச், ரிகர்ஷன், பாயிண்டர், லிங்க்டு லிஸ்ட் என்று ஏறிக்கொண்டே போகும். விடைகள் இணையம் முழுக்க இறைந்து கிடக்கின்றன, பார்த்துவிட்டால் இந்தப் பயிற்சி செத்தது. ஆறாவது எனக்கு ஒரு வாரம் எடுத்தது, ஒரு முழுத்தாளில் அம்புக்குறிகளாக வரைந்து தீர்த்தேன்.

கணினி அறிவியல் பக்கம்

சி தெரியாமல் மேலே சொன்னதில் பாதி ஓடாது. தெரியாது என்றால் ஹார்வர்டின் சிஎஸ்50-இல் முதல் ஐந்து வாரம் பாருங்கள், மெமரி பற்றிய வாரம் வரை. டேவிட் மேலனின் விரிவுரைகள், பயிற்சிகள் எல்லாம் இலவசம். மெமரி கார்டின் பிம்பத்திலிருந்து அழிந்த படங்களை மீட்கும் பயிற்சியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். அல்லது பீஜ் எழுதிய சி வழிகாட்டி, அதுவும் இலவசம், பேச்சு நடையில் இருக்கும்.

அசெம்ப்ளிக்குக் கீழே என்ன இருக்கிறது என்ற அரிப்பு வந்தால் 'நாண்ட் டு டெட்ரிஸ்'. நோம் நிசானும் ஷிமோன் ஷோக்கனும் உருவாக்கியது. நாண்ட் என்ற ஒரே ஒரு லாஜிக் கேட்டில் (மின்சுற்றின் மிக எளிய துண்டு) தொடங்கி, 12 ப்ராஜெக்டில் கேட், மெமரி, ப்ராசசர், அசெம்ப்ளர், கம்பைலர், சின்ன இயக்கமுறைமை வரை நீங்களே கட்டுகிறீர்கள். அதன் 'ஹேக்' கணினியில் பெருக்கல் கட்டளை கிடையாது, நாலாவது ப்ராஜெக்டில் திரும்பத் திரும்பக் கூட்டித்தான் பெருக்க வேண்டும். ஆறாவதில் அசெம்ப்ளரையே எழுதுகிறோம். அசெம்ப்ளி என்பது எண்களுக்கு வைத்த பெயர்தான் என்பது அன்றைக்கு விரல்களுக்குத் தெரிந்துவிடும். முதல் ஆறை மட்டும் செய்தாலும் குறையில்லை.

அல்காரிதமுக்கு எம்ஐடி ஓப்பன்கோர்ஸ்வேரின் 6.006, கணிதம் ஆட்டம் கண்டால் அதற்கு முன் 6.042. இரண்டும் அசெம்ப்ளியோடு நேரடியாகச் சேராது, அவசரமும் இல்லை. நெட்வொர்க்குக்குப் பீஜின் இன்னொரு வழிகாட்டி. முழுப் பட்டப்படிப்பு அளவுக்கு வரிசை வேண்டும் என்பவர்களுக்கு ஓஎஸ்எஸ்யூ பாடத்திட்டம் இருக்கிறது, ஆனால் அதைத் திறந்தால் மறுபடி நாற்பது டேப் ஆகும், சொல்லிவிட்டேன்.

அசெம்ப்ளி தெரிந்தவருக்கு இயல்பாக அடுத்தது இயக்கமுறைமைதான். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் அர்பாசி-டுசோ தம்பதியர் எழுதிய 'ஆப்பரேட்டிங் சிஸ்டம்ஸ்: த்ரீ ஈஸி பீசஸ்' அத்தியாயம் அத்தியாயமாக இலவசம், சிரிக்க வைத்துக்கொண்டே சொல்லிக்கொடுக்கும். அதோடு எம்ஐடியின் 'எக்ஸ்வி6', ஒரு மனிதர் முழுதாக வாசித்து முடிக்கக்கூடிய சின்னக் கெர்னல், இப்போது ரிஸ்க்-வியில் ஓடுகிறது, விளக்கப் புத்தகமும் பயிற்சிகளும் இலவசம். அங்கே நிரல்கள் கெர்னலை அழைக்கும் வழியான 'சிஸ்டம் கால்' ஒன்றைப் புதிதாக நீங்களே சேர்க்கும் பயிற்சி வரும். எண்கள் எழுதிய கோப்பைத் திறந்தால் ஃபோர்க் 1, எக்ஸிட் 2, ரைட் 16 என்று போய் 21-இல் முடியும். அதன் கீழே உங்கள் அழைப்பின் பெயரையும் 22 என்ற எண்ணையும் நீங்கள் தட்டுவீர்கள். என்னை மூன்று மாலை அலைய வைத்த 1-ம் 60-ம் இதே மாதிரி யாரோ ஒருவர் ஒரு கோப்பில் தட்டியவைதான்.